பாடட்டும் என்று சொன்னவர்

நம் தெருவில் என்னோடு வளர்ந்த உங்களை இப்போதெல்லாம் கல்யாணப் பந்தியில்தான் பார்க்க முடிகிறது. ரயில்வே கேட்டு, பாலாற்று மணல், தோல் ஷாப்புச் சங்கு என்று ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டே போவோம். பேச்சு பாட்டு விழாவை நெருங்கும்போது உங்களில் யாராவது என்னைப் பார்த்துவிட்டு, "ரசம் ஊத்தச் சொல்லுப்பா" என்று வேறு பக்கம் திருப்பிவிடுவீர்கள். இனி திருப்ப வேண்டாம். நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. அம்மாவும் போய்விட்டாள். அந்தக் கோடையைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததிலும் கொஞ்சம் தப்பு இருக்கிறது.

பாட்டு விழாவை நடத்தியவர்களில் பாட்டு டீச்சரைத் தவிர யாருக்கும் சங்கீதம் தெரியாது. எல்லாரும் தோல் பதனிடுகிற ஷாப்பிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்தவர்கள், சின்னச் சின்னக் கடை வைத்திருந்தவர்கள். முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் காலியானதும் கட்டடத்தைக் கேட்டு வாங்கி, வட்டாரத்துப் பிள்ளைகளை எல்லாம் வரவழைத்துப் பாடவைப்பார்கள். ஜோலார்பேட்டை ரயில்வே காலனிப் பிள்ளைகள் பாசஞ்சரில் வந்து இறங்கும். அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பஸ் மேல் ஆர்மோனியத்தைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வருவார்கள். இறக்கி வைக்கும்போது அதற்குள்ளிருந்து புழுதியோடு ஒரு முனகலும் வரும். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு வகுப்பறையிலேயே பாய் விரித்துப் படுக்கவைப்பார்கள். கரும்பலகையில் யாரோ எழுதிய பெருக்கல் கணக்கு அழியாமல் இருக்கும்.

அம்மா சமையல் வாலண்டியர். அப்பாவுக்குப் பந்தல் வேலை. ஷாப்பில் அவருக்குப் பதனிட்ட தோலைத் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. ஒன்றுக்கும் ஆகாத துண்டுத் தோல்களைக் கேட்டு வாங்கி வந்து, வட்டமாக வெட்டி, ஊசி குத்தி, வாலண்டியர்களுக்கு பேட்ஜ் செய்வார். மற்ற ஊர்களில் காகிதப் பூவும் ரிப்பனும் குத்திக்கொள்வார்கள், நம் ஊரில் தோல். வியர்வை பட்டால் அதிலிருந்து பட்டையும் கடுக்காயும் ஊறிய வாசனை எழும்பும். சாப்பாடு பரிமாற யாராவது குனிந்தால் சாம்பார் வாசனையை முந்திக்கொண்டு அதுதான் மூக்குக்கு வரும். அந்த பேட்ஜில் ஒன்றுகூட இன்று யாரிடமும் இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் காரியதரிசி மாமாதான். ஷாப்பில் மெஷின் பக்கத்து மேஸ்திரி, அப்பாவின் தோஸ்த். நெட்டையாக இருப்பார். யாரிடம் பேசினாலும் கொஞ்சம் குனிந்துகொள்வார். பாடத் தெரியாது, கைதட்டக்கூடத் தாளம் வராது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு மேடையில் உதறும், எதற்குப் பாடுவதற்கு முன்னால் ஒண்ணுக்கு வரும் என்று அவருக்குத்தான் தெரியும். மேடை ஓரத்தில் நின்றுகொண்டு, ஒரு பிள்ளை தயாரானதும் கையைத் தூக்குவார். அறிவிப்பு செய்கிறவர் அந்தக் கையைப் பார்த்துத்தான் பெயரைச் சொல்வார்.

நான் ஐந்தாவது முடித்திருந்த கோடை அது. முந்தின வருஷங்களில் கோரஸில் நின்றிருக்கிறேன். அந்த வருஷம்தான் பாட்டு டீச்சர் எனக்கென்று தனியாக ஒரு பாட்டு கட்டிக் கொடுத்தார். ஆறு வற்றிக் கிடக்கிறது, மழை எப்போது வரும் என்று ஒரு சின்னப் பெண் கேட்கிற பாட்டு. தினமும் சாயந்திரம் அவர் வீட்டில் பாடிவிட்டு வந்து, பந்தல் மூங்கிலுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருக்கும் அப்பாவிடம் திரும்பவும் பாடுவேன். கேட்டுக்கொண்டே திரிப்பார். பாட்டு முடிந்ததும், "மேல போற எடத்துல அவசரப்படாத பாப்பா" என்பார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார்.

விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அப்பாவின் கண் மஞ்சளானது. ஷாப்பு வெயில் என்றார்கள். அப்புறம் நகம், அப்புறம் உள்ளங்கை. பெரியப்பா பத்தியமும் பச்சிலையும் போதும் என்றார். அவர் அப்பாவுக்கு மூத்தவர், வீட்டில் அவர் சொன்னதுதான் நடக்கும். தினமும் விடிகாலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்து, குடித்து முடிக்கிறவரைக்கும் பக்கத்திலேயே நிற்பார்.

"வேலூருக்கு இட்டுனு போலாம் மாமா" என்று அம்மா ஒருநாள் பெரியப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"எதுக்கு? மஞ்சகாமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது. ஒனக்கு இன்னா தெரியும்?" என்றார்.

அப்பா ஆள் தெரியாமல் பேச ஆரம்பித்த பிறகுதான் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பெரியப்பா கெட்டவர் இல்லை. தம்பியை அரைத்த பச்சிலையால் காப்பாற்றிவிடலாம் என்று முழுசாக நம்பினார். இது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

அம்மாவும் பெரியப்பாவும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். என்னைப் பாட்டு டீச்சர் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். அப்பாவுக்கு நல்லாகிக்கொண்டு வருகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியாது.

விழாவின் கடைசி நாள் என் பாட்டு. மத்தியானச் சாப்பாட்டின்போது ஷாப்பு ஆபீஸ் பையன் சைக்கிளில் வந்து காரியதரிசி மாமாவிடம் ஏதோ சொன்னான். ஆபீசுக்கு போன் வந்திருந்ததாம். மாமா அவனைச் சமையல்கட்டுக்குள் கூட்டிப் போனார். வாலண்டியர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டு வெளியே வந்தார்கள்.

அதற்கப்புறம் என்னை யாரும் சும்மா விடவில்லை. இலையில் அப்பளத்தைக் கேட்காமலே ரெண்டாவது தடவை வைத்தார்கள். மைக்செட் பாய் தன் காசில் கோலி சோடா வாங்கி, குண்டைக் கட்டைவிரலால் அழுத்தி உடைத்து, என் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டு டீச்சர் காலையில் பின்னிய பின்னலை அவிழ்த்துத் திரும்பவும் பின்னினார். சீப்பு கழுத்தில் இடித்துக்கொண்டே இருந்தது. "வலிக்குது டீச்சர்" என்றேன். "இதோ ஆச்சும்மா" என்றார். தனிப்பாட்டு பாடப் போகிறவளுக்கு இவ்வளவு மரியாதை உண்டு போலிருக்கிறது என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது.

உங்களில் சிலருக்கு அப்போதே தெரியும், இல்லையா? பெரியவர்கள் பேசியதை ஜன்னல் வழியாகக் கேட்டிருப்பீர்கள். ஐஸ்பாய் ஆட்டத்தில் அன்று என்னை யாரும் கண்டுபிடிக்கவே இல்லை. கிணற்றடிக்குப் பின்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டும் பார்க்காததுபோல் போனீர்கள். இதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

வெயில் இறங்கி விழா ஆரம்பித்தது. என் முறை வரவே இல்லை. எனக்குப் பின்னால் பாட வேண்டியவர்கள் எல்லாம் பாடி முடித்தார்கள். என் அம்மா வரட்டும், வந்து அவளே சொல்லி அழைத்துப் போகட்டும் என்று வாலண்டியர்கள் முடிவு செய்திருந்தார்கள். பிறகு தெரிந்துகொண்டதுதான். அப்போது எனக்குக் கால் மட்டும் வலித்தது.

பள்ளிக்கூட வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. காரியதரிசி மாமா கேட்டுக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து மேடை ஓரத்தில் நின்றார். என்னைப் பார்த்துக் குனிந்தார். "அவசரப்படாம பாடு பாப்பா" என்றார். அப்பா சொல்வதையே சொல்கிறாரே என்று இருந்தது. நிமிர்ந்து கையைத் தூக்கினார். அந்தக் கையை எல்லாரும் பார்த்தார்கள்.

மேடையில் ஏறி நின்றதும் கூட்டத்தின் பின்னால் அம்மாவைப் பார்த்தேன். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா வந்துவிட்டாள் என்றால் அப்பாவுக்குச் சரியாகிவிட்டது என்று அர்த்தம். அப்பாவை விட்டுவிட்டு அவள் வர மாட்டாள். அந்தச் சந்தோஷத்தோடுதான் பாடினேன். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. மேலே போகிற இடத்தில் அவசரப்படவில்லை. மைக்கில் என் குரல் கொஞ்சம் பின்தங்கி எனக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. வாசலில் வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலிருந்து.

முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் பாடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன். அம்மா கூட்டத்துக்கு நடுவில் வந்து என் கையைப் பிடித்தாள்.

"வா, போலாம்" என்றாள்.

"அப்பா வந்துட்டாரா?"

"வந்துட்டாரு."

வாசலில் ஆஸ்பத்திரி வண்டி. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் வெள்ளைத் துணி.

வீட்டில் பெண்கள் என்னை மடியில் போட்டுக்கொண்டார்கள். "அழுதுடு கண்ணு, அழுதுடு" என்று ஒருத்தி முதுகைத் தட்டினாள். இன்னொருத்தி தொடையில் கிள்ளினாள். எனக்கு வரவில்லை. ஐஸ் கட்டியை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தால் விரல் இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது. அப்படி இருந்தது. பசித்தது. பின்னல் இறுக்கமாக இருந்தது. அப்பாவின் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி, பந்தலுக்குக் கிழித்த அதே காடாத் துணி என்று கவனித்தேன். அடக்கம் முடிந்து எல்லாரும் குளித்துவிட்டு வந்த பிறகும் அழவில்லை. "கல்லு மாதிரி இருக்குதே இந்தப் பொண்ணு" என்று அடுப்படியில் யாரோ சொன்னது கேட்டது. இருக்கலாம் என்று தோன்றியது.

காரியம் முடிந்த அன்றைக்குத்தான் பெரியப்பா வெடித்தார். துக்கம் கேட்க வந்த காரியதரிசி மாமாவை வீட்டுக்குள் விடாமல் தெருவிலேயே நிறுத்தினார்.

"என் தம்பி பொணத்த வாசல்ல வெச்சிட்டு உள்ள பாட்டுக் கச்சேரி நடத்துனியே, மனுஷனா நீ? நான் அந்த வண்டில அவன் தலமாட்டுல உக்காந்துனு அத்த முழுசா கேட்டேன்டா. அவன் பொண்ணு கொரல."

மாமா தலையைக் குனிந்து நின்றார். யாரிடம் பேசினாலும் குனிகிறவர் இல்லையா, அதனால் முதலில் வித்தியாசமாகத் தெரியவில்லை.

"யாரக் கேட்டு அந்தக் கொழந்தைய மேடை ஏத்துன?"

"நான்தாண்ணா. எம்மேல தப்புதான்" என்றார் மாமா.

அம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் அவள் பக்கத்தில் இருந்தேன். புதுசாகக் கட்டியிருந்த புடவையின் கஞ்சி வாசனை அடித்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஊர் முழுக்க அதுதான் பேச்சு. விழாவுக்குப் பேர் கெடக் கூடாதென்று பிணத்தை வெளியில் நிறுத்தி வைத்தார்கள் என்று ஆகிவிட்டது. மாமா விழா வேலையிலிருந்து விலகிக்கொண்டார். அடுத்த வருஷம் வேறு யாரோ நடத்திப் பார்த்தார்கள். அணைக்கட்டிலிருந்து யாரும் வரவில்லை. மேடையில் ஒரு பிள்ளை பயந்து அழ, கீழே இருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதோடு நின்றுபோனது. நம் தம்பி தங்கைகளுக்கெல்லாம் பாட்டு விழா என்றால் என்னவென்றே தெரியாது.

நாங்கள் பெரியப்பா வீட்டுக்குக் குடிபோனோம். அவர் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. என்னை டீச்சர் டிரெயினிங் வரைக்கும் படிக்கவைத்தார். நான் பாடுவதில்லை என்று சபதம் எதுவும் எடுக்கவில்லை. யாரும் பாடச் சொல்லவில்லை, நானும் பாடவில்லை. பஜாரில் காரியதரிசி மாமா எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். அவரைப் பார்த்தால் எனக்குக் கோபமும் வந்ததில்லை. அந்தத் தூக்கிய கை மட்டும் நினைவுக்கு வரும்.

வேலூரில் எனக்கு வேலை கிடைத்து, கல்யாணமாகி, பெரியப்பாவும் இறந்த பிறகு அம்மா என்னோடு வந்து இருந்தாள். ஒருநாள் சாயந்திரம் ரெண்டு பேரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தெருக் கோயிலில் மைக்செட்டுக்காரர் ஸ்பீக்கர் கட்டி, ஹலோ ஹலோ என்று சோதித்துக்கொண்டிருந்தார். அம்மா உரிப்பதை நிறுத்தினாள்.

"பாடட்டும்னு சொன்னது நான்தான்" என்றாள்.

எதைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே தெரிந்தது.

"காரியதரிசி அண்ணன் கேட்டாண்ட வந்து, 'பாப்பாவ இட்டுனு வரட்டுமா தங்கச்சி'ன்னு கேட்டாரு. ஒங்க பெரிப்பா வண்டிக்குள்ள இருந்தாரு, அவரு காதுல விழல. நான்தான், பாட்டு முடியட்டும், மொதல்ல பாடட்டும்னேன். ஒங்கப்பா ஆஸ்பத்திரில தெளிவு வந்தப்பல்லாம் அத்தயே கேட்டுனு இருந்தாரு. பாப்பா பாட்டு என்னைக்கி, அதுக்குள்ள போய்டலாமான்னு. வாசல்லதான் இருந்தாரு. கொழா அந்தப் பக்கம் பாத்துதான் கட்டியிருந்துச்சு."

ஒரு காயை எடுத்தாள். உரிக்கவில்லை.

"கேக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

"பெரிப்பா அவரத் தெருவுல நிறுத்தி கேட்டப்ப ஏம்மா சொல்லல?"

"அதுக்கு முன்னாடியே அவரு வந்து சொல்லிட்டுப் போய்ட்டாரு. 'நீ வாயத் தொறக்காத தங்கச்சி, நாளைக்கி அந்த வீட்லதான் நீயும் கொழந்தையும் சோறு துன்னணும், எனக்கு இன்னா, நாலு நாளு திட்டுவாங்க'ன்னு."

"நாலு நாளா அது?"

மொச்சையை உரித்து முடித்தோம். குக்கரை நான்தான் வைத்தேன். எனக்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று காத்திருந்தேன். அவள் மேல் கோபம், பரிதாபம், ஏதாவது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். போய் அவரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "எந்த மூஞ்சிய வெச்சினு போறது" என்றாள். கடைசிவரை போகவில்லை.

அம்மா போன பிறகு நான் போனேன். போன தை மாசம். அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் மகன் வீடு. கட்டிலில் சுவரோரமாகப் படுத்திருந்தார். அந்த நெட்டை உடம்பு மடங்கிப்போய்க் கட்டிலில் பாதிதான் இருந்தது. மருமகள் காதருகில் போய் யார் என்று உரக்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாப்பாவா" என்றார்.

அம்மா இறந்ததைச் சொன்னேன். கேள்விப்பட்டேன் என்றார். பிறகு, வந்த காரியத்தைச் சொன்னேன். பஸ்ஸில் வரும்போதே எப்படிச் சொல்வதென்று பலதடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

"மாமா, அன்னைக்கி பாடட்டும்னு சொன்னது எங்கம்மாதானாம். அம்மாவே சொன்னாங்க. எங்களுக்காக நீங்க அத்தன வருஷம் பேச்சு வாங்கினீங்க. உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்னுதான் வந்தேன்."

அவர் கையை மெதுவாக ஆட்டினார். இல்லை என்பதுபோல.

"தங்கச்சியா? அதுக்கு இன்னா தெரியும் பாவம், அந்த நெலமைல. நான்தாம்மா சொன்னேன். வண்டி வந்து நின்னுச்சி. மழ தூறினு இருந்துச்சி. ஒங்கம்மா எறங்கி அப்பிடியே கேட்டப் புடிச்சினு நின்னுது, வாயே தொறக்கல. நானா முடிவு பண்ணேன். கொழந்த இத்தினி நாளு கத்துகினு வந்துச்சே, பாடிட்டுப் போவட்டும்னு. இப்பகூட கண்ணுலயே நிக்குது."

அன்று மழை இல்லை. கத்திரி வெயில். பந்தல் காலெல்லாம் கொதித்தது.

எனக்காகப் பொய் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்கிறவர் முகமாக இல்லை. இத்தனை வருஷம் ஊர் சொன்னதை, தான் சொன்னதை, அவர் நம்ப ஆரம்பித்திருந்தார். எந்த வருஷத்தில் நம்ப ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"இல்ல மாமா, அம்மா தெளிவா சொன்னாங்க" என்றேன் மறுபடியும்.

"ஒங்கம்மா நல்ல மனசு. எனக்காக அப்பிடிச் சொல்லியிருக்கும்" என்றார். என் கையைத் தேடிப் பிடித்தார். "அப்பன் செத்துக் கெடக்கறப்ப ஒரு கொழந்தைய மேடை ஏத்தி பாட வெச்சேன். பெரிய தப்பு பாப்பா. ஒன்ன எங்கயாவது பாத்தா கேக்கணும்னே இருந்தேன், தைரியம் வரல. என்ன மன்னிச்சிடு."

மருமகள் டீ டம்ளரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தேன்.

"மன்னிச்சிட்டேன் மாமா" என்றேன்.

"ம்" என்றார். பிடித்திருந்த கையை விட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் நன்றாகத் தூங்கிவிட்டார்.